குடியேறியவர் வீட்டுப் பிள்ளை ஏன் முன்னுக்கு வருகிறது? குடும்பப் பின்னணி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வெறுங்கையோடு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் மேலே வந்துவிடுகிறார்கள். அங்கேயே பிறந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அப்பா நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். குடும்பப் பின்னணிதான் ஒருவரின் பொருளாதார நிலையைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நடக்கிறது? குடியேறியவர்களின் உழைப்பும் கட்டுப்பாடும்தான் காரணமா?"

குடும்பப் பின்னணி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஆனால் குடியேறியவர் வீட்டில் அதை அப்பாவின் சம்பளத்தை வைத்து அளந்தால் தப்பாகத்தான் அளப்போம். கேள்வியில் வரும் "வெறுங்கையோடு" என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. அவர்களில் பலர் பணம் இல்லாமல் வந்தவர்கள். படிப்போ தொழிலோ இல்லாமல் வந்தவர்கள் அல்ல. உழைப்பு, கட்டுப்பாடு என்ற விளக்கத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அளப்பது எப்படி என்று பார்த்துவிடலாம். ஒரு நாட்டில் ஒரே காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர்களை எல்லாம் வருமான வரிசைப்படி நூறு படிகள் உள்ள ஓர் ஏணியில் நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளையும் அதேபோல இன்னோர் ஏணியில் நிறுத்துங்கள். அப்பா நின்ற படிக்கும் பிள்ளை நிற்கும் படிக்கும் எவ்வளவு தொடர்பு? அமெரிக்காவில் 1980 முதல் 1982 வரை பிறந்தவர்களின் வருமான வரிக் கணக்குகளை வைத்துப் பொருளாதார வல்லுநர் ராஜ் செட்டியும் அவருடைய கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. பெற்றோர் 10 படி மேலே இருந்தால் பிள்ளை சராசரியாக 3.4 படி மேலே இருக்கிறது. அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு 7.5 சதவீதம். குடும்பம் ஒரு பொருட்டே இல்லை என்றால் இந்த எண் 20 ஆக இருந்திருக்கும்.

எல்லா நாட்டிலும் இந்தப் பிடி ஒரே மாதிரி இல்லை. மைல்ஸ் கோரக் என்ற கனடாப் பொருளாதார வல்லுநர் தொகுத்த ஒப்பீட்டில், அப்பா சராசரியைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததில் மகனுக்கு இறங்குவது டென்மார்க்கில் சுமார் 15 சதவீதம், கனடாவில் 20க்குச் சற்றுக் குறைவு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏறக்குறைய பாதி. அமெரிக்காவைப் பற்றி நமக்கு இருக்கும் பிம்பத்துக்கும் இந்த எண்களுக்கும் ஒட்டவே இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இனி குடியேறியவர்கள். இதில் நான் பெரிதும் நம்பும் வேலை ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான் குழுவினருடையது, 2021இல் வெளிவந்தது. அவர்கள் மூன்று தலைமுறைகளை எடுத்துக்கொண்டார்கள்: 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறுவர்களாகப் பதிவானவர்கள், 1910இல் பதிவானவர்கள், 1980ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். பழைய பதிவேடுகளில் இருந்த சிறுவனின் பெயரைப் பிடித்துக்கொண்டு, பிந்தைய கணக்கெடுப்புகளில் அவன் வளர்ந்து என்ன வேலை பார்த்தான் என்று லட்சக்கணக்கான பேரைக் கணினியில் இணைத்துப் பார்த்தார்கள். ஏணியின் 25ஆம் படியில் நின்ற குடும்பங்களை மட்டும் ஒப்பிட்டால், குடியேறியவரின் மகன் அங்கேயே பிறந்தவரின் மகனைவிடச் சில படிகள் மேலே போய் நிற்கிறான். அநேகமாக எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்றாலும் இதே கதைதான். அன்று ஏழை ஸ்வீடன்காரர், ஃபின்லாந்துக்காரர் பிள்ளைகள் எந்த வேகத்தில் ஏறினார்களோ அதே வேகத்தில்தான் இன்று மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு முன் வந்தவர்கள் ஐரோப்பியர்கள். இன்று வருகிறவர்கள் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வருகிறார்கள். மொழி வேறு, மதம் வேறு, பிள்ளை வளர்க்கும் முறை வேறு. நாட்டின் குடியேற்றச் சட்டம்கூடத் தலைகீழாக மாறிவிட்டது. இத்தனை மாறியும் முடிவு மாறவில்லை என்றால், காரணத்தை ஏதோ ஒரு குறிப்பிட்ட இனத்தின் பண்பாட்டில் தேடுவது வீண் வேலை. குடியேறுதல் என்ற செயலுக்குள்ளேயே ஏதோ இருக்கவேண்டும்.

இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்கிறது அந்த ஆய்வு. ஒன்று, அப்பா நிற்கும் படி அவருடைய உண்மையான படி இல்லை. இரண்டு, அவர் எந்த ஊரில் போய் இறங்கினார் என்பது.

முதலாவதை ஒரு வீட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். சொந்த நாட்டில் பொறியாளராக இருந்தவர் புதிய நாட்டில் டாக்சி ஓட்டுகிறார். அவருடைய பட்டத்தை அங்கே யாரும் ஏற்கவில்லை, பேச்சில் தடுமாற்றம், உள்ளூர் அனுபவம் கேட்கிறார்கள். வரிக் கணக்கில் அவர் 20ஆம் படி ஆள். அதே தெருவில் அங்கேயே பிறந்த இன்னொருவரும் டாக்சி ஓட்டுகிறார்; அவரும் 20ஆம் படிதான். புள்ளிவிவரத்தில் இரண்டு வீடும் ஒன்று. ஆனால் முதல் வீட்டில் இரவு பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வரும் அப்பா, மகள் முடிக்காமல் வைத்திருக்கும் இயற்கணிதக் கணக்கை நின்றபடியே போட்டுக் காட்டுகிறார். தான் என்னவாக இருந்தோம் என்பது அவருக்குத் தெரியும்; மகளுக்கும் தெரியும். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சே எழாது, எந்தப் படிப்பு என்ற பேச்சுதான் நடக்கும். மகள் பின்னாளில் 70ஆம் படிக்குப் போனால் "அம்பது படி ஏறிவிட்டாள்" என்று கைதட்டுகிறோம். உண்மையில் குடும்பம் ஏற்கெனவே நின்றிருந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது. இடையில் ஒரு தலைமுறை மட்டும் கீழே இறங்கி நின்றது.

அந்த அப்பாவுக்கு ஏன் தகுந்த வேலை கிடைக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. டொரண்டோவில் ஃபிலிப் ஓரியோபௌலோஸ் ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவைதான். பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர் இருந்தவற்றுக்கு நேர்காணல் அழைப்பு, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் இருந்தவற்றைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். படிப்பும் அனுபவமும் வெளிநாட்டில் பெற்றவை என்று போட்டவுடன் அழைப்பு மேலும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

பொறியாளர் என்றவுடன் படித்தவர்களுக்கு மட்டுமான கதை என்று நினைத்துவிடவேண்டாம். அதிகம் படிக்காத தச்சரும் இதே போலத்தான். கைவேலையில் கெட்டிக்காரராக இருப்பார். ஆனால் மொழி தெரியாததால் வாடிக்கையாளரிடம் நேரே பேசிக் கூலி பேச முடியாது. குடியேற்றத் தாள்கள் சரியில்லாதவராக இருந்தால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். அவருடைய திறமைக்கும் வருமானத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அவரோடு நின்றுவிடும். உள்ளூர்ப் பள்ளியில் படித்து, உள்ளூர் உச்சரிப்போடு பேசும் மகனுக்கு அது இறங்காது.

கிளம்பி வருகிறவர்கள் யார் என்பதும் இதில் முக்கியம். ஒரு நாட்டின் சராசரி மனிதர் குடியேறுவதில்லை. அமெரிக்காவில் 1965 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, குடும்ப உறவுக்கும் தொழில்திறனுக்கும் இடம் கொடுத்தது. கனடா 1967இல் படிப்பு, மொழி, வயது இவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கத் தொடங்கியது. விளைவை ஜெனிஃபர் லீ, மின் ஜோ என்ற இரு சமூகவியலாளர்கள் ஒரே ஒப்பீட்டில் காட்டினார்கள்: அமெரிக்காவுக்குக் குடியேறிய சீனர்களில் பட்டதாரிகள் 51 சதவீதம்; சீனாவில் வயது வந்தவர்களில் பட்டதாரிகள் 4 சதவீதம். இந்தியர்கள் விஷயத்தில் சல்லடை இன்னும் நுணுக்கமானது. அங்குள்ள இந்திய வம்சாவளியினரில் நால்வரில் மூவர் பட்டதாரிகள். பல கட்டமாகத் தேர்வுகள் எழுதி, கல்லூரி இடம் பிடித்து, பிறகு விசாவும் பிடித்தவர்கள். இவர்களுடைய பிள்ளைகள் நன்றாகப் படிப்பதைப் பார்த்து "எங்கள் பண்பாடு" என்று மார்தட்டுவது நம்மவர்களிடம் சகஜம். சல்லடையில் மேலே தங்கியதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, மூட்டை முழுக்க இப்படித்தான் என்று சொல்வது மாதிரி அது.

இதற்கு ஒரு கடுமையான சோதனை இருக்கிறது. பண்பாடுதான் காரணம் என்றால் அடுத்த தலைமுறையிலும் அது தெரியவேண்டும் அல்லவா? செட்டி குழுவினரின் இன்னோர் ஆய்வில், ஆசியக் குடியேறிகளின் பிள்ளைகள் எந்தப் படியிலிருந்து தொடங்கினாலும் மிக மேலே போய்விடுகிறார்கள். ஆனால் பெற்றோரே அமெரிக்காவில் பிறந்த ஆசியர்கள் என்றால், அவர்களுடைய பிள்ளைகளின் ஏற்றம் வெள்ளையர் பிள்ளைகளுடையதைப் போலவே ஆகிவிடுகிறது. பெற்றோரின் வருமானம் இப்போது அவர்களுடைய உண்மை நிலையைச் சரியாகக் காட்டுகிறது. அதனால் மாயம் மறைந்துவிடுகிறது. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இரண்டாவது காரணம், ஊர். இதை நாம் குடும்பப் பின்னணியோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. ஆனால் எந்த ஊரில் பிள்ளையை வளர்க்கிறோம் என்பதும் குடும்பம் எடுக்கும் முடிவுதான். அதே 2014 ஆய்வில், அடிமட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்குப் போகும் வாய்ப்பு கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 12.9 சதவீதம், வட கரோலினாவின் ஷார்லட்டில் 4.4 சதவீதம். ஒரே நாடு, ஒரே சட்டம், மூன்று மடங்கு வித்தியாசம்.

1880, 1910 காலத்தில் குடியேறியவர்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே பருத்தி, அதைச் சுற்றிக் குத்தகை விவசாயம், போதாத பள்ளிகள். அப்பா குத்தகைக்காரர் என்றால் மகனும் அதுதான். வந்தவர்கள் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த வடகிழக்குக்கும் மத்திய மேற்குக்கும் போனார்கள். ஒரே மாவட்டத்தில் வளர்ந்த குடியேறியவர் மகனையும் உள்ளூர்க்காரர் மகனையும் மட்டும் ஒப்பிட்டபோது, அந்தக் காலத்து இடைவெளியில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. விதிவிலக்கு நார்வேக்காரர்கள். அவர்கள் நிலம் தேடிக் கிராமப்புறத்தில் போய் விவசாயத்தில் ஊன்றிக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஏறவில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடப் பிடித்தது. அமெரிக்காவிலேயே பிறந்து, பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்குப் போனவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் குடியேறியவர் பிள்ளைகளைப் போலவே ஏறியிருந்தார்கள். ஆக, குடியேறியவர், உள்ளூர்க்காரர் என்று நாம் பிரிப்பதில் ஒரு பகுதி உண்மையில் நகர்ந்தவர், நகராதவர் என்ற பிரிவுதான்.

அப்படியானால் உள்ளூர் ஏழைகள் ஏன் நகர்வதில்லை என்று கேட்கலாம். சோம்பல் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிறந்த ஊரில் இருப்பவருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார், அவசரத்துக்குக் கடன் தர அண்ணன் இருக்கிறார், வேலை போனால் படுக்க ஒரு அறை இருக்கிறது. இதெல்லாம் ஏழைக் குடும்பத்தின் காப்பீடு. அதை விட்டுவிட்டு இருநூறு மைல் தள்ளிப் போய், வாடகை இரண்டு மடங்கான ஊரில் தனியாக நிற்பது சாதாரண முடிவு இல்லை. குடியேறியவர் அந்தக் காப்பீட்டை விமானம் ஏறும்போதே இழந்துவிட்டார். சொந்தபந்தம் இல்லாத நாட்டில் எந்த ஊரும் அவருக்கு அந்நிய ஊர்தான் என்பதால், வேலை இருக்கும் ஊரைப் பார்த்து இறங்குவது அவருக்கு எளிது. ஒருவருக்குப் பலமாக இருக்கும் குடும்பமே கால்கட்டாகவும் இருக்கிறது.

உள்ளூரில் பிறந்தவர்களுக்குக் குடும்பம் தருவது என்ன என்பதையும் பார்க்கவேண்டும். ஏணியின் மேல்பாதியில் அது அபாரமான பலம். கனடாவில் இளைஞர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர், அப்பா எப்போதாவது வேலை பார்த்த அதே முதலாளியிடம் ஒரு கட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். வருமானத்தில் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினரின் மகன்களில் இது 70 சதவீதத்தை ஒட்டி வருகிறது. சிபாரிசு என்று நாம் சொல்வதன் கணக்கு இது. குடியேறிய அப்பாவால் இந்த ஒன்றை மட்டும் எவ்வளவு படித்திருந்தாலும் தர முடியாது. அவருக்கு அங்கே ஒரு மேலாளரையும் தெரியாது. அமெரிக்காவின் பேர்போன தனியார் பல்கலைக்கழகங்களில் சேர்க்கையை ஆராய்ந்தபோது, ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிலும் உச்ச ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. பழைய மாணவர் பிள்ளை என்ற சலுகைக்கு அதில் பெரிய பங்கு. அப்பா வேறு நாட்டில் படித்தவர் என்றால் அந்தச் சலுகை ஏது?

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதிலும் வித்தியாசம் தெரியும். உள்ளூர் நடுத்தர வீட்டில் மகன் வீடு வாங்கும்போது முன்பணத்தில் ஒரு பகுதியை அப்பா தருகிறார். குடியேறியவர் வீட்டில் மகள் முதல் சம்பளம் வாங்கியதும் அப்பாவின் கடனை அடைக்கிறாள், சொந்த நாட்டிலிருக்கும் பாட்டிக்கு மருந்துச் செலவு அனுப்புகிறாள், தம்பியின் கட்டணத்தைக் கட்டுகிறாள். இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கலாம். பத்து ஆண்டு கழித்துச் சொத்தில் அவர்கள் ஒன்றாக இருக்கமாட்டார்கள். வருமான ஏணியை மட்டும் பார்க்கும் ஆய்வுகளில் இது கண்ணில் படாது. இந்தத் துறையில் எனக்கு இருக்கும் பெரிய குறையே இதுதான்.

சொத்து என்று வந்தபின் "உள்நாட்டில் பிறந்தவர்கள்" என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களின் மூதாதையர் பெரும்பாலான வெள்ளையர்களின் மூதாதையரைவிட முன்பே அங்கு இருந்தவர்கள். ஆனாலும் 2022இல் மத்திய வங்கி எடுத்த குடும்ப நிதிக் கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து, அதாவது வரிசையில் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து, சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுடையது சுமார் 45,000 டாலர். அடிமை முறை முடிந்தபின்னும், 1930களில் அரசு வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களைச் சிவப்பு அடித்து வீட்டுக்கடனுக்கு ஆகாத இடம் என்று ஒதுக்கினார்கள். வீடுதான் நடுத்தரக் குடும்பம் பிள்ளைக்கு விட்டுப்போகும் முதல் சொத்து. அது இவர்களுக்குக் கைக்கு எட்டாமல் போனது. வருமானம் சமமாக இருந்தாலும் கதை முடிவதில்லை. பெற்றோர் வருமானம் ஒன்று, குடியிருக்கும் வட்டாரம் ஒன்று என்று வைத்து ஒப்பிட்டாலும், நாட்டின் 99 சதவீத வட்டாரங்களில் கறுப்பினப் பையன் வளர்ந்து வாங்கும் வருமானம் வெள்ளைப் பையனுடையதைவிடக் குறைவு. குடும்பம் கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிட்டது. வாசலுக்கு வெளியே இருப்பது அதை வாங்கிக்கொள்ளவில்லை. "குடியேறியவர்களைப் பார், அவர்களால் முடியும்போது உன்னால் ஏன் முடியாது" என்று இவர்களைப் பார்த்துச் சொல்லப்படும் வாதம் எனக்குக் கசப்பாக இருப்பதற்குக் காரணம் இது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களின் மகன்கள், மற்றக் குடியேறியவர் பிள்ளைகள் அளவுக்கு இன்று ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

குடியேறியவர்களும் ஒரே வகை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டாம் தலைமுறையைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் சீனப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பட்டதாரிகள், மெக்சிகப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவரே பட்டதாரி. இந்த இரண்டு வரியைப் படித்ததும் யார் வென்றார் என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் சீன அப்பாக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டதாரிகள். பிள்ளைகள் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். மெக்சிகப் பிள்ளைகளோ பட்டம் பெறுவதில் அப்பாக்களைவிட இரண்டு மடங்குக்கும் அம்மாக்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஓட்டப்பந்தயத்தில் யார் எங்கே புறப்பட்டார் என்பதைப் பார்க்காமல் கோட்டைத் தொட்டவர் பெயரை மட்டும் வாசிப்பது இது.

நாடு எப்படி வரவேற்கிறது என்பதும் குடும்பப் பின்னணியின் எடையைக் கூட்டிக் குறைக்கும். ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை அழைத்தது. அவர்களுக்கு வைத்த பெயரே "விருந்தாளித் தொழிலாளர்". விருந்தாளி திரும்பிப் போய்விடுவார், அவர் பிள்ளைக்கு மொழி சொல்லித்தருவதைப் பற்றி எதற்கு யோசிக்கவேண்டும் என்பதுதான் மனநிலை. அதோடு அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள்: பல்கலைக்கழகம் வரை போகும் பள்ளி ஒரு பக்கம், சீக்கிரம் தொழிலுக்கு அனுப்பும் பள்ளி இன்னொரு பக்கம். இதில் ஆசிரியர் பரிந்துரைக்குப் பெரிய எடை உண்டு. வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்குப் பத்து வயது என்பது மிகவும் சீக்கிரம்.

கொரோனா தடுப்பூசியால் உலகம் முழுக்கத் தெரியவந்த தம்பதி ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உகுர் சாஹின் துருக்கியின் இஸ்கெந்தருனில் பிறந்து நான்கு வயதில் கொலோன் வந்தவர். அப்பா அங்கே ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் தொழிலாளி. ஓஸ்லெம் துரேஜி ஜெர்மனியிலேயே பிறந்தவர். அப்பா இஸ்தான்புல்லிலிருந்து வந்த அறுவைசிகிச்சை மருத்துவர். சிறுமியாக அப்பாவோடு மருத்துவமனையில் வலம் வந்து வளர்ந்த துரேஜி மருத்துவம் படித்ததில் வியப்பில்லை. சாஹினை அவருடைய ஆசிரியர் கீழ்நிலைப் பள்ளிக்குத்தான் பரிந்துரைத்தார். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டுப் பேசியபின்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பள்ளியில் இடம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 2008இல் மைன்ஸ் நகரில், பின்னாளில் அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய பயோன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் "துருக்கியக் குடியேறிகளின் பிள்ளைகள் இருவர்" என்று ஒரே வரி. உள்ளே ஒருவருக்கு வீட்டிலேயே வழி இருந்தது. இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாய்திறக்கவேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் பேசாமல் இருந்திருந்தால்? கொலோன் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் அப்படிப்பட்ட பக்கத்து வீடு வாய்க்காத பையன்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

சரி, குடும்பம் என்று நாம் சொல்வதில் எது பிள்ளைக்கு இறங்குகிறது? பணமா, வளர்ப்பா, பிறவியா? இதைப் பிரித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. கொரியாவில் பிறந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளை, ஹோல்ட் என்ற தத்தெடுப்பு அமைப்பு தகுதி பெற்ற குடும்பங்களுக்கு விண்ணப்ப வரிசைப்படி அனுப்பியது. எந்தக் குழந்தை எந்த வீட்டுக்கு என்பது ஏறக்குறையக் குலுக்கல் மாதிரி. 2007இல் புரூஸ் சசெர்டோட் அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். பெற்றோர் நன்கு படித்து, பிள்ளைகளும் குறைவாக உள்ள வீட்டுக்குப் போன குழந்தை கல்லூரி முடிக்கும் வாய்ப்பு, கல்லூரிப் பட்டம் பெறாத பெற்றோரும் நிறையப் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்குப் போன குழந்தையைவிட 16 சதவீதப் புள்ளி அதிகம். ஆக வளர்ப்பு சும்மா இல்லை. ஆனால் வளர்ப்புப் பெற்றோரின் வருமானத்துக்கும் பிள்ளையின் பிற்கால வருமானத்துக்கும் தொடர்பு மிகவும் மெலிந்தது. பணமே வழி என்று நினைப்பவர்களும் பிறவியே எல்லாம் என்று நினைப்பவர்களும் இந்த ஆய்வைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள்; இருவருக்கும் அது முழுசாக ஒத்துவராது.

உழைப்பு, கட்டுப்பாடு பற்றி இப்போது. அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுகூட பல நேரம் நிலைமையிலிருந்து பிறக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறியபோது, போலந்தின் கிழக்குப் பகுதிகளில் இருந்தவர்களை நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு மேற்கே போகச் செய்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று மற்றப் போலந்துக்காரர்களைவிடச் சராசரியாக ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்திருக்கிறார்கள். போருக்கு முன் அந்தக் குடும்பங்கள் படிப்பில் மேலே இருந்தவை அல்ல. ஒருமுறை எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள், அடுத்தமுறை தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதில்தான் காசைப் போட்டார்கள்.

கடைசியாக, நடைமுறையில் பலர் அறிய விரும்புவது: பிள்ளைக்கு என்ன வயதில் ஊர் மாறுவது? இதற்குத் தெளிவான சான்று உண்டு. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவிச் சீட்டு கொடுத்து, வறுமை குறைந்த வட்டாரத்துக்குப் போகச் சொன்னார்கள். 13 வயதுக்கு முன் அப்படி இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்வயதில் மாறியவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை, கொஞ்சம் பின்னடைவே. மொழியிலும் இதே போல ஒரு கோடு இருக்கிறது. ஆங்கிலம் பேசாத நாடுகளிலிருந்து அமெரிக்கா வந்தவர்களில், ஏறக்குறைய எட்டு ஒன்பது வயதுக்குள் வந்தவர்கள் அங்கே பிறந்தவர்களைப் போலவே பேசுகிறார்கள். அதற்கு மேல் வயது ஏற ஏறப் பேச்சும் பின்தங்குகிறது, வளர்ந்தபின் சம்பளமும் பின்தங்குகிறது.

ஆகவே ஐந்து வயதுத் தங்கையும் பதினான்கு வயது அண்ணனும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினால், அவர்களுக்குக் குடும்பப் பின்னணி ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. அப்பாவுக்கு வந்த வரி அலுவலகக் கடிதத்தை அகராதி வைத்துப் படித்துச் சொல்வது, வீட்டுக்காரரிடம் போய்க் குழாய் ஒழுகுகிறது என்று திக்கித் திக்கிப் பேசுவது, பள்ளி முடிந்ததும் ஏதாவது ஒரு கடையில் நின்று வாரக்கூலி வாங்கி வருவது எல்லாம் அண்ணன் வேலை. தங்கை பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது கட்டணத்தில் ஒரு பங்கு அவன் சம்பளத்திலிருந்து போகும்.